நாகூரான் குடிக்காத தண்ணி

கஜபதி வாத்தியாருகிட்ட கேள்வி கேட்டா பதில் வரும்னு நெனைச்சுடாதீங்க. துண்டைப் புழின்னுவாரு. இல்லாங்காட்டி மூட்டையை இன்னொரு அம்பது குத்து குத்துன்னுவாரு. அவரு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி நான் பாத்தது ஒரே ஒரு வாட்டி. அன்னிக்குக் கேட்டது நானும் ஜெயசீலனும்.

காசிமேட்டுல மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு இருக்கு. அந்த ஷெட்டுதான் எங்க பாக்ஸிங் கிளப்பு. ஐஸ் கட்டி தூக்கற கொக்கியில இப்ப மணல் மூட்டை தொங்குது. வாத்தியாருக்கு வயசு அறுவத்திரெண்டு. எனக்கும் சீலனுக்கும் நாப்பத்தஞ்சு. நான் ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்டறவன், பேரு டில்லிபாபு. சீலன் மீன் ஏலம் கூவறவன். அவன் காதுல ரகசியம் சொன்னா கூட எண்ணூர்ல வஞ்சிரம் வெலை எறங்கிடும்.

இருவத்தாறு வருசமா ஞாயித்துக்கெழமைன்னா நானும் அவனும் ஒருத்தனை ஒருத்தன் குத்திப்போம். போட்டிக்கெல்லாம் போற வயசு இல்ல. தொப்பை வந்துடுச்சு. ஆனா அவன்கிட்ட நாலு வாங்கி, நாலு குடுத்துட்டு வந்தாதான் அந்த வாரத்துக்கு எனக்கு சோறு எறங்கும். அவனுக்கும் அப்படித்தான். அவன் வீட்டுக்காரி சொல்லியிருக்கா.

இப்ப வம்பு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

ஷெட்டு செவுத்துல ஒரு படம் வரையணும்னு பெயின்டர் லாசரைக் கூட்டியாந்தோம். எண்பதுகள்ல நம்ம பக்கத்துல சண்டை போட்டவங்கள்ல பெரிய ஆளு யாரோ, அவரு படம். லாசரு காலையிலயே வந்து உடம்பை வரைஞ்சு முடிச்சுட்டான். சிவப்பு நிஜாரு, ரெண்டு கிளவுஸு, நல்ல மாரு, எல்லாம் இருந்துச்சு. கழுத்துக்கு மேல வெறும் சுண்ணாம்பு.

ஏணி மேல நின்னுகினு கேட்டான். "தலை யாருது?"

"ஆரோக்கியம்"னேன் நான்.

"நாகூரான்"னான் சீலன்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். லாசரு எங்களை மாறி மாறிப் பாத்தான்.

"ஒரு கழுத்துக்கு ஒரு தலைதான் வரும்."

பம்பரம் ஆரோக்கியம் கொண்டித்தோப்புக்காரரு. வளையத்துக்குள்ள எறங்கினா கால் தரையில இருக்காது. எதிராளி குத்தினா அந்த எடத்துல காத்துதான் இருக்கும். இஸ்திரி நாகூரான் பனைமரத்தொட்டிக்காரரு. அவரு ஓடமாட்டாரு, ஒதுங்கமாட்டாரு. கிட்ட வந்து வெலாவுல போட்டாருன்னா எதிராளி மடிச்சு வெச்ச சட்டை மாதிரி ஆயிடுவான். அதான் இஸ்திரி.

"உங்காளு இன்னாடா செஞ்சாரு? ஆறு ரவுண்டும் ஓடினாரு. ஓடறவனுக்கு படம் வேணும்னா ரேஸ் கோர்ஸ் செவுத்துல வரையச் சொல்லு"ன்னான் சீலன்.

"உங்காளு இன்னா செஞ்சாரு? நட்டு வெச்ச கம்பம் மாதிரி நின்னாரு. கம்பத்துல கொடி ஏத்தலாம்டா. படம் வரைய முடியாது."

"நாகூரான் குத்து ஒண்ணு வாங்கியிருப்பியா நீ?"

"நீ வாங்கினியா? உனக்கு அப்ப ஏழு வயசு. மூக்குல ஒழுகிகினு இருந்த."

"நாகூரான்! நாகூரான் ஒரு தரம்! நாகூரான் ரெண்டு தரம்!" கையைத் தூக்கி ஏலம் கூவ ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எவனைப் பாத்தாலும் அவனை மாதிரியே செஞ்சு காட்டிடுவேன். எங்க ஆபீஸ் மேனேஜர், வாத்தியாரு இருமறது, சீலன் பொண்ணு பாக்கப் போனப்ப சொம்பைத் தட்டி உட்டது, எல்லாத்தையும் செஞ்சிருக்கேன். அன்னிக்கு சீலன் ஏலம் கூவறதை அவன் எதிர்லயே செஞ்சு காட்டினேன். தொப்பை, தொண்டை, தூக்கின கை, எல்லாம். லாசரு சிரிச்சு ஏணியிலேர்ந்து விழப் பாத்தான்.

அதுலதான் சீலனுக்கு ஏறிடுச்சு.

கிளவுஸை மாட்டினான். வளையத்துக்கு நடுவுல போய் நின்னான்.

"வாத்தியாரைக் கேப்போம். அவரு ஆரோக்கியம்னு சொன்னா நான் இனிமே இந்தக் கயித்தைத் தாண்டமாட்டேன். நாகூரான்னு சொன்னா நீ தாண்டக் கூடாது."

எங்க கிளப்புல ஒரு பழக்கம். கிளவுஸ் போட்டுகினு சொன்ன வார்த்தையைக் கழட்டினப்புறம் மாத்தக் கூடாது. வெறும் வாயால எவ்ளோ வேணும்னாலும் உளறலாம். கிளவுஸ் போட்டா போட்டதுதான். எங்க கூட ஒருத்தன் கிளவுஸோட சூதாட்டத்தை உட்டேன்னு சொல்லிட்டு, பாவம், இன்னிக்கு வரைக்கும் கேரம் போர்டு பக்கம் கூட வர்றதில்ல.

நான் வாயை மூடிகினு இருந்திருக்கணும். அதுதான் நமக்கு வராதே. நானும் மாட்டினேன். நானும் நடுவுல போய் நின்னு அதையே சொன்னேன்.

சொல்லி முடிச்சப்புறம்தான் மண்டையில பட்டுச்சு. ஆரோக்கியமும் நாகூரானும் மோதினது ஒரே வாட்டி. எண்பத்தேழுல. அந்தப் போட்டியில நம்ம வாத்தியாரு நாகூரானுக்கு செகண்டு. மூலையில நின்னு மூஞ்சைத் துடைச்சு, தண்ணி குடுத்து, காதுல யோசனை சொல்றவனுக்குப் பேருதான் செகண்டு. நாகூரான் மூலையில நின்ன மனுசன் வேற யார் பேரைச் சொல்லுவாரு?

நான் போயிட்டேன்னு நெனைச்சேன். ஞாயித்துக்கெழமை காலையில இனிமே கறி வாங்கப் போவணும்.

சீலன் மூஞ்சைப் பாத்தா அவனும் சந்தோசமா இல்ல. ஜெயிச்சா மட்டும் அவன் யாரைக் குத்துவான்?

ஆனா ரெண்டு பேரும் பின்வாங்கல. கிளவுஸு கையில இருக்கே.

வாத்தியாரு வெளிய கொழாயாண்ட பக்கெட்டுல தண்ணி புடிச்சுகினு இருந்தாரு. கூப்பிட்டோம். பக்கெட்டோட வந்தாரு. சீலன் விசயத்தை சொன்னான். அவன் சொன்னா தெருவுக்கே கேக்கும், ஆனா வாத்தியாரு காதுல எதுவும் விழாத மாதிரி பக்கெட்டை வளையத்து ஓரத்துல வெச்சாரு. துண்டை நனைச்சாரு. புழிஞ்சாரு.

"எண்பதுகள்ல பெரிய ஆளு யாரு வாத்தியாரே? நீயே சொல்லு. ஒரு பேரு. அவ்ளோதான்"னேன் நான்.

"அந்தப் போட்டியை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தோம்"னோம்.

"எங்கேர்ந்து?"

"எங்கப்பா தோள் மேலேர்ந்து"ன்னேன். "ஆனா முன்னாடி ஒரு தொப்பிக்காரன் நின்னுகினு இருந்தான். ஆரோக்கியம் காலு மட்டும் தெரிஞ்சுது."

"நான் முழுசாப் பாத்தேன்"னான் சீலன். "மூணாவது ரவுண்டுல தூங்கிட்டேன். அப்புறம் எங்கப்பா எழுப்பினாரு."

வாத்தியாரு சிரிக்கல. அவரு அதிகம் சிரிக்கமாட்டாரு.

"அப்ப செஞ்சு காட்டுங்க"ன்னாரு.

"எதை?"

"போட்டியை. நாலாவது ரவுண்டுலேர்ந்து. டில்லி, நீ ஆரோக்கியம். சீலா, நீ நாகூரான்."

எனக்கு இதைவிட இன்னா வேணும்? குதிச்சேன். லாசரு ஏணி மேலேயே உக்காந்துகினு, "நான் சனங்க! சோடா பாட்டில் வீசட்டுமா?"ன்னான்.

மணிக்கு பதிலா எங்க ஷெட்டுல ஒரு தண்டவாளத் துண்டு தொங்குது. வாத்தியாரு ஸ்பேனரால அதுல ஒண்ணு போட்டாரு.

நான் பம்பரம். முட்டியை மடக்கி, குதிகாலைத் தூக்கி, தலையை ஒரு பக்கமா சாச்சு, எங்கப்பா செஞ்சு காட்டின அதே ஆரோக்கியம். தொண்ணூத்திரெண்டு கிலோ பம்பரம். பலகை எல்லாம் கிறீச்னுச்சு. சீலன் தாடையை நெஞ்சுல பதிச்சுகினு, ரெண்டு முழங்கையையும் வெலாவோட ஒட்டிகினு ஒவ்வொரு அடியா வந்தான். அதுவும் அச்சு நாகூரான்தான், ஒத்துக்கணும்.

நான் சுத்தினேன். அவன் வந்தான். நான் ரெண்டு தட்டு தட்டிட்டு நகந்தேன். அவன் ஒண்ணு போட்டான். அந்த ஒண்ணுல காலையில துண்ண இட்லி எல்லாம் பேரு சொல்லிச்சு.

"ஓடறான் ஓடறான்!"ன்னு கத்தினான் லாசரு.

"ஆடறாருன்னு சொல்லுடா!"

மூணு நிமிசம்னா மூணு நிமிசம். வாத்தியாரு கொறைக்கல. தண்டவாளம் மறுபடி அடிச்சப்ப நான் என் மூலையில போய் முக்காலியில விழுந்தேன். சீலன் எதிர் மூலையில விழுந்தான். நெசமாவே மூச்சு வாங்கினான். உதடு காஞ்சுபோச்சு.

"இப்ப பக்கெட்டு"ன்னாரு வாத்தியாரு.

பக்கெட்டு கதை எங்க பக்கத்துல பொறந்த கொழந்தைக்கும் தெரியும். ஆரோக்கியம் பெரியவருன்னு சொல்றவனும் அதைத்தான் சொல்லுவான், நாகூரான் பெரியவருன்னு சொல்றவனும் அதைத்தான் சொல்லுவான்.

அந்தக் காலத்துல ஒவ்வொரு மூலையிலயும் பக்கெட்டுக்கு ஒரு பலகை மூடி இருக்கும். மூடி மேல ஒரு ஆளு உக்காந்திருப்பான். அதுக்கின்னே ஒரு ஆளு. ஏன்னா எவனாவது வந்து பேதி மாத்திரை, மொளகாத்தூளு, எதையாவது கலந்துடுவான். நடந்திருக்கு. அதனால தன் பக்கெட்டுத் தண்ணியைத் தவிர வேற தண்ணி எவனும் தொடமாட்டான்.

அன்னிக்கு நாலாவது ரவுண்டுல நாகூரான் பக்கெட்டு மேல உக்காந்திருந்தவன் ஆவேசத்துல எழுந்து குதிச்சான். பக்கெட்டு கவுந்துடுச்சு. கூட்டத்துல வேற தண்ணி கொண்டாற வழியில்ல. மே மாசம். நாகூரான் நாக்கு வெளிய தள்ளிடுச்சு.

ரவுண்டு முடிஞ்சதும் எதிர் மூலையிலேர்ந்து ஆரோக்கியம் பாத்தாரு. எழுந்தாரு. தன் பக்கெட்டோட கைப்புடியை கிளவுஸ் போட்ட கையில மாட்டிகினு, வளையத்துக்கு குறுக்க நடந்து வந்து, நாகூரான் முன்னாடி வெச்சாரு.

நாகூரான் குடிக்கல.

அவ்ளோதான் கதை. அஞ்சாவது ரவுண்டு முடிஞ்சப்பவும் ஆரோக்கியம் பக்கெட்டைத் தூக்கிகினு வந்தாரு, அப்பவும் அவரு குடிக்கல. ரெண்டு ரவுண்டு வறண்ட தொண்டையோட சண்டை போட்டாரு. ஆறாவதுல ரெண்டு வாட்டி முட்டி மடங்கிச்சு, ஆனா விழல. போட்டி டிரா. அடுத்த மாசமே ஆரோக்கியம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மோதவே இல்ல.

"எதிரிக்கே தண்ணி குடுத்த மனுசன்"னு நாங்க சொல்லுவோம்.

"எதிரி தண்ணியைத் தொடாத சிங்கம்"னு அவங்க சொல்லுவாங்க.

முப்பத்தெட்டு வருசமா இதுதான் பேச்சு. வாத்தியாரு மட்டும் அந்தப் போட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. தன்னடக்கம்னு நெனைச்சுகினு இருந்தோம்.

நான் எழுந்தேன். வாத்தியாரு வெச்ச பக்கெட்டை கிளவுஸு கையில மாட்டினேன். ஆரோக்கியம் எப்படி நடந்திருப்பாருன்னு எங்கப்பா காட்டியிருக்காரு. மார்பை நிமித்தி, கூட்டத்தைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுகினு. தண்ணி தளும்ப நடந்து போய் சீலன் முன்னாடி வெச்சேன்.

சீலன் எழுந்து நின்னான். மூஞ்சை அப்படியே தெக்கால திருப்பினான். கையை நீட்டி, "எடுத்துகினு போடா! எதிரி தண்ணி எனக்கு வெசம்!"ன்னான்.

லாசரு விசில் அடிச்சான்.

"நாகூரான் அப்படி ஒண்ணும் பேசல"ன்னாரு வாத்தியாரு.

"மனசுக்குள்ள பேசியிருப்பாரு வாத்தியாரே."

"எழுந்து நிக்கவும் இல்ல. உக்காரு."

சீலன் உக்காந்தான். உக்காந்துகினே மூஞ்சைத் திருப்பினான்.

"மூஞ்சைத் திருப்பல."

"பின்னே? கண்ணை மூடிகினாரா?"

"இல்ல."

"இன்னாதான் செஞ்சாரு?"

"வாயைத் தெறந்தான்"னாரு வாத்தியாரு.

எங்களுக்குப் புரியல. சீலன் என்னைப் பாத்தான். நான் லாசரைப் பாத்தேன். லாசரு பிரஷ்ஷை டப்பாவுல போட்டுட்டு எறங்கினான்.

"நீங்க இப்போதைக்கு முடிக்கமாட்டீங்க. நான் டீ குடிச்சுட்டு வரேன், அதுக்குள்ள தலையை முடிவு பண்ணி வைங்க"ன்னு போனான். போனவன் அன்னிக்குத் திரும்பி வரல. பெயின்டருங்க டீ அப்படித்தான்.

"தெறடா வாயை"ன்னாரு வாத்தியாரு.

சீலன் தெறந்தான். அவனுக்கு நெசமாவே தாகம். கண்ணு பக்கெட்டு மேலேயே இருந்துச்சு.

வாத்தியாரு கயித்தைத் தூக்கிகினு குனிஞ்சு உள்ள வந்தாரு. அவரு வளையத்துக்குள்ள வந்து பத்து பதினஞ்சு வருசம் இருக்கும். சீலன் பக்கத்துல ஒரு முட்டி போட்டு உக்காந்தாரு. ஈரத் துண்டை எடுத்து அவன் வாயாண்ட வெச்சாரு, வேர்வை துடைக்கற மாதிரி. துண்டோட மறுபக்கம் அவரு மூஞ்சும் மறைஞ்சுடுச்சு. எதிர்ல ரெண்டு அடியில நான் நிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணும் கேக்கல.

துண்டை எடுத்தாரு. சீலன் வாய் மூடியிருந்துச்சு. மூஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"இன்னாடா?"ன்னேன்.

அவன் பக்கெட்டையே பாத்தான்.

"இன்னாடா சொன்னாரு?"

என் வாழ்க்கையில சீலன் மெதுவாப் பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

"குடிக்காத, கலந்திருக்கான்னாரு."

நான் பக்கெட்டைப் பாத்தேன். நான் எதுவும் கலக்கல, அது வெறும் கொழாத் தண்ணி. ஆனாலும் ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அப்புறம் கோவம் வந்துச்சு.

"ஆரோக்கியமா? ஆரோக்கியம் கலந்தாரா வாத்தியாரே?"

"இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மணி அடிச்சதும் பக்கெட்டைத் திரும்ப எடுத்துகினு போனான். அஞ்சாவது முடிஞ்சு முதல்ல அவனே அதுல ஒரு மொடக்கு குடிச்சான். என்னைப் பாத்துகினே குடிச்சான். அப்புறம்தான் மறுபடி தூக்கிகினு வந்தான்."

"அப்ப அந்த வாட்டி குடிக்க உட்டிருக்கலாமே?"

"உட்டா, மொதல் வாட்டி நான் சொன்னது தப்புன்னு ஆயிடும்ல?"

"அதனால?"

"மறுபடி துடைச்சேன்."

வெளிய எவனோ படகு இன்ஜினை இழுத்துகினு இருந்தான். அது ஸ்டார்ட் ஆவல.

"நாகூரான் அப்புறம் உன்னைக் கேக்கலியா?"ன்னான் சீலன்.

"கேக்க நேரம் ஏது? மணி அடிச்சு முடிக்கறதுக்குள்ள சனங்க உள்ள வந்துட்டாங்க. அவனைத் தோள் மேல தூக்கிகினாங்க. எதிரி தண்ணியைத் தொடாத சிங்கம்னு எவனோ ஒருத்தன் ஆரம்பிச்சான். திடல் பூரா கத்திச்சு. அவன் மேலேர்ந்து குனிஞ்சு என்னைப் பாத்தான்."

"நீ இன்னா செஞ்ச?"

"நானும் கத்தினேன்."

எனக்கு எதையும் செஞ்சு காட்டத் தோணல. மொத வாட்டி.

"அடுத்த நாள் வீட்டுக்குப் போனேன். சொல்லிடலாம்னுதான் போனேன். வாசல்ல பத்து பேரு நின்னுகினு அவன் கையைத் தொட்டுப் பாத்துகினு இருந்தாங்க. ஒரு சோடாக்காரன் இனிமே நாகூரானுக்கு சோடா ஓசின்னான். அவன் சிரிச்சுகினு இருந்தான். நான் உள்ள போய் சோறு துண்ணுட்டு வந்துட்டேன்."

"நாகூரான் சாவற வரைக்கும் நீ சொல்லலியா?"

"இல்ல."

"அவருக்குத் தெரியுமா, தண்ணி நல்ல தண்ணின்னு?"

"அவன் மூக்குக்கு ஒரு சாண் எட்டத்துல இருந்துச்சு தண்ணி. தெரிஞ்சிருக்கும்."

"பின்னே ஏன் குடிக்கல?"

"செகண்டு சொன்னா கேக்கணும். அவன் கேட்டான்."

சீலன் கிளவுஸால தலையை சொறிஞ்சுகினு இருந்தான். எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல. கேக்காம இருந்திருக்கலாம். நமக்குத்தான் வாய் நிக்காதே.

"ஆரோக்கியம் கலந்திருப்பாருன்னு உனக்கு எப்படித் தோணிச்சு வாத்தியாரே? அவரு யாருக்காவது அப்படி செஞ்சிருக்காரா?"

"ஒருத்தருக்கும் செஞ்சதில்ல."

"அப்ப எப்படி?"

வாத்தியாரு துண்டை மடிச்சாரு. ரெண்டா மடிச்சு, நாலா மடிச்சு தோள்ல போட்டுகினாரு.

"அந்தப் பக்கம் நான் நின்னிருந்தா கலந்திருப்பேன்"னாரு.

சீலன் குனிஞ்சான். ரெண்டு கிளவுஸையும் சேத்து பக்கெட்டுல உட்டு, உள்ளங்கை இல்லாத கையில எவ்ளோ நிக்குமோ அவ்ளோ அள்ளி, மொகமெல்லாம் ஊத்திகினு குடிச்சான். எருமை மாடு மாதிரி சத்தம். வேற நாளா இருந்தா அதை வெச்சே நான் ஒரு மாசம் ஓட்டியிருப்பேன்.

குடிச்சு முடிச்சு மூச்சு உட்டான். அப்புறம் ஞாபகம் வந்து என்னைப் பாத்தான். எனக்கும் ஞாபகம் வந்துச்சு. கிளவுஸு கையிலதான் இருக்கு. சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கு. ரெண்டுல ஒருத்தன் கயித்துக்கு வெளிய போவணும்.

"வாத்தியாரே, நாங்க கிளவுஸோட சொல்லிட்டோம்"னேன். "நீ ஒரு பேரு சொல்லித்தான் ஆவணும். சொன்னா ஒருத்தன் போயிடுவோம். ஆரோக்கியமா, நாகூரானா?"

"அது தெரிய வேண்டிய போட்டி ஒண்ணே ஒண்ணு நடந்துச்சு. அதுல மூணாவதா ஒருத்தன் பூந்துட்டான்."

"அப்ப பெரிய ஆளு யாருன்னே சொல்லமாட்டியா?"

"தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்."

"முப்பத்தெட்டு வருசத்துல ஒரு வாட்டி கூட நீ யோசிச்சதில்லியா, இவன் பெரியவன், அவன் பெரியவன்னு?"

வாத்தியாரு கயித்தைத் தூக்கினாரு. ஒரு காலை வெளிய வெச்சாரு. அப்படியே நின்னுகினு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு.

"பெரியவன் பேரு எனக்குத் தெரியாதுடா. அந்த வளையத்துல அன்னிக்கு சின்னவன் யாருன்னு கேளுங்க. பேரு, விலாசத்தோட சொல்றேன்."

நாங்க கேக்கல.